வாடகைக்கு வாசித்த இடது கை

(நம் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் இரண்டு முறை வந்தவற்றை மட்டும் குறைத்திருக்கிறேன்.)



போன கூட்டத்தில் டாக்டரம்மா சர்க்கரை நோயைப் பற்றிப் பேசினார்கள். அதற்கு முன்னால் மாடித் தோட்டம். இரண்டும் வீட்டுக்குப் போனதும் உபயோகப்படுகிற விஷயங்கள். நான் இன்றைக்குப் பேசப்போவது ஜாஸ் பியானோவில் 'ஸ்ட்ரைட்' என்கிற ஒரு பாணியைப் பற்றி. தலைப்பைச் சொன்னதும் நம் செயலாளர் சார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இதுக்கு யார் சார் வருவாங்க?" என்று கேட்காமல் விட்டது அவருடைய பெருந்தன்மை. ஆனால் இந்த இசை வளர்ந்த இடம் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதற்குச் சோறு போட்டது மாத வாடகை. நலச்சங்கக் கூட்டத்தில் பேசத் தகுந்த பொருள்தான் என்பது என் கட்சி.

என்னைப் பற்றி இரண்டு வரி. பி.காம். முடித்து வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, எழுத்தராகவே ஓய்வு பெற்றவன். சங்கீதம் முறையாகக் கற்றதில்லை. மும்பையில் வேலை பார்த்த காலத்தில் கூட இருந்த ஒருவர் கொடுத்த கேசட்டில் ஃபேட்ஸ் வாலர் என்பவரின் பியானோவைக் கேட்டேன். அன்று பிடித்தது இன்றுவரை விடவில்லை. ஓய்வுக்குப் பிறகு ஒரு கீபோர்டும் வாங்கியிருக்கிறேன். மேல் வீட்டுக்காரர்கள் கவலைப்பட வேண்டாம், ஹெட்போன் போட்டுக்கொண்டுதான் வாசிக்கிறேன்.

முதலில் இடம். நியூயார்க் நகரத்தில் ஹார்லெம் என்ற பகுதி. 1904-ல் சுரங்க ரயில் வரப்போகிறது என்ற நம்பிக்கையில் அங்கே கட்டட முதலாளிகள் போட்டி போட்டு அடுக்குமாடிகளைக் கட்டினார்கள். கட்டியது அதிகம், குடிவந்தது குறைவு. காலியாகக் கிடப்பதைவிட மேல் என்று கறுப்பின மக்களுக்கு வாடகைக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அடுத்த இருபது வருஷத்தில் தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் வேலை தேடி வடக்கே வந்தார்கள். இவர்களுக்கு வேறு பகுதிகளில் வீடு கிடைக்காது; ஹார்லெமை விட்டால் வழியில்லை. இது தெரிந்ததும் வாடகை ஏறியது. அதே அளவு வீட்டுக்கு வெள்ளையர் கொடுப்பதைவிட இவர்கள் அதிகம் கொடுத்தார்கள். சம்பளமோ அவர்களைவிடக் குறைவு. வரவு செலவைக் கூட்டிப் பார்த்தால் மாதா மாதம் துண்டு விழும்.

அந்தத் துண்டை அடைக்க அவர்கள் கண்டுபிடித்ததுதான் வாடகை விருந்து. வாடகை கட்ட வேண்டிய தேதிக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை இரவு. அல்லது வியாழக்கிழமை, ஏனென்றால் வீட்டுவேலைக்காரப் பெண்களுக்கு அன்று இரவு ஓய்வு. சின்னச் சின்ன அட்டைகளை அச்சடித்து விநியோகிப்பார்கள். அட்டையில் 'வாடகைக்குப் பணம் திரட்டுகிறோம்' என்று போட்டால் கௌரவம் என்ன ஆவது? 'சீட்டாட்டக் கூட்டம்' என்கிற மாதிரி நாசூக்காக ஏதாவது போடுவார்கள். லாங்ஸ்டன் ஹியூஸ் என்ற கவிஞர் அந்த அட்டைகளைச் சேகரித்து வைத்திருந்தார். நுழைவுக் கட்டணம் 25 சென்ட் மாதிரி. கட்டிலையும் நாற்காலியையும் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு, விரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, அறையைக் காலி செய்வார்கள். வறுத்த மீன், பன்றிக்கால் குழம்பு எல்லாம் தனிக் காசு. 1920 முதல் 1933 வரை அங்கே மதுவிலக்கு. ஆகவே குடிப்பதற்குக் கிடைத்தது எல்லாம் கள்ளச் சரக்கு, அதற்கும் தனிக் காசு.

ஆட்டத்துக்கு இசை வேண்டுமே. பெரிய பேண்டு வைக்க அந்த அறையில் இடமும் இல்லை, கொடுக்கப் பணமும் இல்லை. சில வீடுகளில் ஒரு கிடாரோ டிரம்மோ துணைக்கு வரலாம். பெரும்பாலும் சுவரோரமாக நிற்கும் ஒரு பழைய பியானோ, அதன் முன்னால் ஒரு மனிதர், அவ்வளவுதான். டிரம்காரர், பாஸ்காரர், கொம்பு ஊதுபவர் எல்லோருடைய வேலையையும் அவர் பத்து விரல்களில் பார்க்க வேண்டும். விடிய விடிய. அவர் வாசிப்பில் ஆட்டம் கிளம்பவில்லை என்றால் கூட்டம் அடுத்த தெருவில் இன்னொரு விருந்துக்குப் போய்விடும். வீட்டுக்காரம்மா திங்கட்கிழமை வாடகைக்கு என்ன செய்வார்? எனக்கு இந்த இசையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். அதற்கு மதிப்பெண் போட்டவை ஆடுகிறவர்களின் கால்கள்.

இனி வாசிப்பு. ஸ்ட்ரைட் என்றால் நீளமான காலடி. நான்கு நான்காக எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று என்னும்போது இடது கை பியானோவின் இடதுகோடியில் ஒரு தாழ்ந்த ஸ்வரத்தைத் தொடும். இரண்டு என்னும்போது அதே கை தாவி நடுப்பகுதிக்கு வந்து மூன்று நான்கு கட்டைகளைச் சேர்த்து அழுத்தும்; அதற்குக் 'கார்ட்' என்று பெயர். மூன்றுக்கு மறுபடி கீழே. நான்குக்கு மறுபடி மேலே. கேட்பவருக்கு இடது கை நடக்கிற மாதிரி இருக்கும். வலது கை இதற்கு மேலே பாட்டு வாசிக்கும்.

கேட்க எளிது. ஒரு கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 200 பீட் வேகம் என்றால் ஒரு தாவலுக்கு 0.3 வினாடி. மூன்று நிமிஷப் பாட்டுக்கு இடது கை 600 முறை இறங்க வேண்டும். ஒவ்வொரு தாவலும் ஒரு முழு ஸ்தாயியைத் தாண்டும். ஒரு ஸ்தாயி என்பது பியானோவில் ஏறக்குறைய 16.5 சென்டிமீட்டர். கண்ணால் பார்த்து வாசிக்க நேரம் கிடையாது; கைக்கே வழி தெரிந்திருக்க வேண்டும். என் கீபோர்டில் 61 கட்டைகள்தான், பியானோவில் 88. என் இடது கை ஹார்லெம் பக்கம் கிளம்பினால் பாதியிலேயே மேசைக்கு வந்துவிடும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. பெரிய வாத்தியக்காரர்கள் கீழே ஒற்றை ஸ்வரத்தோடு நிற்க மாட்டார்கள். பத்து வெள்ளைக் கட்டைகளின் இரு முனைகளையும் ஒரே கையால் பிடிப்பார்கள். நம்மில் பலருக்கு ஒரு சாண் முழுதாக விரித்தாலும் சிரமம். வாலருக்குக் கை மிகப் பெரியது, அநாயாசமாக எட்டும். எட்டாதவர்கள் கீழ் ஸ்வரத்தைக் கண நேரம் முன்னதாகத் தொட்டுவிட்டு மேலதைச் சரியாக பீட்டில் வைப்பார்கள். அந்தச் சின்ன முன்பின் இருக்கிறதே, அதுவே ஒரு தனி அழகு. கை எட்டாத குறையைச் சமாளிக்கப் போய் நடைக்கு ஓர் ஊசல் கிடைத்துவிட்டது.

அந்த ஊசலுக்கு வருகிறேன். அதன் பெயர் ஸ்விங். இதற்கு விளக்கம் கேட்டால் ஜாஸ்காரர்கள் பெரும்பாலும் சிரித்து மழுப்புவார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம், தமிழ் இலக்கணமே கைகொடுக்கிறது. நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒரு மாத்திரை. பள்ளிக்கூடத்தில் படித்தோம். இப்போது ஒரு பீட்டை இரண்டாகப் பிரிக்க வேண்டும். சரிபாதியாகப் பிரித்தால் "பல பல பல பல" என்று வரும்: ஒவ்வொரு எழுத்தும் ஒரு மாத்திரை. அதையே "ஓட ஓட ஓட ஓட" என்று சொல்லிப் பாருங்கள். 'ஓ' இரண்டு, 'ட' ஒன்று. எல்லோரும் சொல்லுங்கள்... பார்த்தீர்களா, பின்வரிசையில் தலை ஆடுகிறது! அந்த நெடில் குறில் நடைதான் ஸ்விங்கின் அஸ்திவாரம்.

அஸ்திவாரம் என்று சொன்னேன், முழு வீடு என்று சொல்லவில்லை. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு கல்லில் எழுதியதில்லை. மெதுவான பாட்டில் நெடில் இன்னும் நீளும், குறில் இன்னும் குறுகும். வேகம் கூடக் கூட இரண்டும் நெருங்கி, மிக வேகத்தில் கிட்டத்தட்டச் சரிபாதியாகிவிடும். ஜாஸ் டிரம்காரர்களின் வாசிப்பை அளந்து பார்த்தவர்கள் இதை உறுதி செய்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் 2:1 என்று பூட்டி வைத்து ஓடவிட்டால் நொண்டி நடக்கிற மாதிரிதான் கேட்கும்.

ஸ்ட்ரைடுக்கு முன்னால் இருந்தது ராக்டைம். அதன் பெரிய பெயர் ஸ்காட் ஜாப்லின். 'மேப்பிள் லீஃப் ராக்' 1899-ல் வெளியானது. அதிலும் இடது கை இதேபோல் கீழும் மேலும் போகும். ஆனால் நடை "பல பல". எழுதியதை எழுதியபடி வாசிக்க வேண்டும். வேகமாக வாசிக்கக் கூடாது என்று ஜாப்லின் தன் இசைத்தாள்களிலேயே அச்சிட்டார். இரண்டுக்கும் வித்தியாசம் கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு நல்ல பதிவு இருக்கிறது. 1938-ல் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்துக்காக ஜெல்லி ரோல் மார்ட்டன் என்பவர் பேசியும் வாசித்தும் கொடுத்தார். அவர் ஹார்லெம்காரர் இல்லை, நியூ ஆர்லியன்ஸ். ஆனால் அதில் 'மேப்பிள் லீஃப் ராக்'கை முதலில் பழைய ராக்டைம் முறையிலும், பிறகு தன் முறையிலும் வாசித்துக் காட்டுகிறார். இரண்டாவது முறை வரும்போது அதே பாட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிடும். நான் பத்துப் பக்கம் விளக்குவதைவிட அது மேல்.

ஹார்லெமில் இந்த மாற்றத்தைச் செய்தவர்களில் முதல் பெயர் ஜேம்ஸ் பி. ஜான்சன். 1894-ல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். இளவயதில் மான்ஹாட்டனின் 62-வது தெருப் பக்கம் 'ஜங்கிள்ஸ் கேஸினோ' என்ற ஆட்டக்கூடத்தில் வாசித்தார். அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் தெற்குக் கரோலினாவின் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். ஊர் ஆட்டத்தை மறக்காதவர்கள். அவர்கள் ஆட ஆட இவர் வாசிப்பைக் கட்டினார். அப்படி உருவானதுதான் 'கரோலினா ஷவுட்'. 1923-ல் உலகமே ஆடிய 'சார்ல்ஸ்டன்' பாட்டும் அந்த ஆட்டங்களின் வாரிசுதான்.

'கரோலினா ஷவுட்'டில் இடது கை ஒரு குறும்பு செய்கிறது. இடது கை வழக்கமாக எப்படிப் போகும்? கீழ்-மேல், கீழ்-மேல், கீழ்-மேல், கீழ்-மேல். எட்டு எண்ணிக்கை. இவர் அதே எட்டை இப்படிப் பிரிக்கிறார்: கீழ்-கீழ்-மேல், கீழ்-கீழ்-மேல், கீழ்-மேல். மூன்று, மூன்று, இரண்டு. சபா கச்சேரிக்குப் போகிறவர்கள் "தகிட தகிட தக" என்று சொல்லிக்கொண்டால் உடனே பிடிபடும். மொத்தம் எட்டுதான், கணக்கு 'டாலி' ஆகிவிடும். ஆனால் நடுவில் தரை ஒரு பக்கம் சாய்ந்து திரும்பும். ஆடுகிறவரின் கால் எங்கே விழ வேண்டும் என்று ஒரு கணம் யோசிக்கும். யோசித்து முடிப்பதற்குள் பீட் வந்து தாங்கிக்கொள்ளும். இடது கையை வெறும் கடிகாரம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கேட்க வேண்டும்.

இந்தப் பாட்டுக்கு இன்னொரு பெருமை உண்டு. அந்தக் காலத்தில் தானாக வாசிக்கும் பியானோ இருந்தது. துளையிட்ட காகிதச் சுருளை மாட்டினால் கட்டைகள் தாமாகவே இறங்கும். ஜான்சன் இந்தப் பாட்டைச் சுருளாகக் கொடுத்திருந்தார். ஹார்லெமில் ஒரு பையன் சுருளை மெதுவாக ஓட்டி, இறங்குகிற கட்டைகளின் மேல் தன் விரல்களை வைத்து வைத்துப் பழகினான். அவன்தான் பின்னாளில் ஃபேட்ஸ் வாலர். வாஷிங்டனில் இன்னொரு பையன் இதையே செய்தான். அவன் பெயர் டியூக் எல்லிங்டன். 1921-ல் ஜான்சன் வாஷிங்டன் வந்தபோது அவர் எதிரிலேயே அந்தப் பாட்டை வாசித்தும் காட்டினான். புதிதாக வந்தவன் தேறுவானா என்று பார்க்க இந்த ஒரு பாட்டை வாசிக்கச் சொன்னால் போதும் என்ற நிலைமை ஹார்லெமில் இருந்தது.

சுருள் எந்தக் கட்டை, எப்போது என்று காட்டும். எந்தக் கட்டையில் எவ்வளவு கனம் வைக்க வேண்டும் என்று சாதாரணச் சுருள் காட்டாது. ஸ்விங் என்பதில் பாதி அந்தக் கனத்தில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கீழ் ஸ்வரம் ஆழமாக ஒலிக்க வேண்டும், மேலே வரும் கார்ட் லேசாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும், ஆனாலும் ஆட்டத்தின் துள்ளல் அந்த இரண்டிலும் நான்கிலும் இருக்க வேண்டும். நம்மைக் கைதட்டச் சொன்னால் ஒன்றிலும் மூன்றிலும் தட்டுவோம். இரண்டிலும் நான்கிலும் தட்டிப் பாருங்கள், உட்கார்ந்த இடமே மாறின மாதிரி இருக்கும். பழகாத கை மேல் கார்ட்டையும் ஓங்கி அடிக்கும். அப்போது கல்யாண ஊர்வல பேண்டு மாதிரி 'பூம் சிக் பூம் சிக்' என்று ஆகிவிடும். ஊர்வலத்துக்கு அது சரி. காகிதம் சொல்லாத இந்த விஷயத்தை வாலர் ஜான்சனிடம் நேரில் உட்கார்ந்துதான் கற்றார். தாயார் 1920-ல் இறந்த பிறகு தவித்துக்கொண்டிருந்த பையனை ஜான்சன் மாணவனாக ஏற்றுக்கொண்டார்.

இப்போது வலது கை. இதுதான் நான் வெகுநாள் யோசித்த இடம். இடது கை உறுதியாக நடக்கிறது. வலது கை அதோடு ஒட்டி நடந்தால் சுத்தமாக இருக்கும், உயிர் இருக்காது. அது கொஞ்சம் பின்தங்கி வரும். சோம்பலினால் அல்ல, வேண்டுமென்றே. ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்து விஞ்ஞானிகள் 2022-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குழுவோடு வாசிக்கும் தனி வாத்தியக்காரர்கள் பீட்டில் விழ வேண்டிய ஸ்வரத்தைச் சுமார் 30 மில்லி வினாடி தாமதமாக வைக்கிறார்கள். பீட்டுக்கு இடையில் வருகிற குறிலை மட்டும் குழுவோடு சரியாக வைக்கிறார்கள். அனுபவசாலிகளுக்கே, காதில் வித்தியாசம் தெரிகிறது, எதனால் என்று சொல்லத் தெரியவில்லை. முப்பது மில்லி வினாடி என்பது ஒரு வினாடியில் 100-ல் 3 பங்கு. வங்கியில் பைசா பாக்கி வராமல் ராத்திரி உட்கார்ந்து தேடுவோமே, அந்தப் பைசா அளவு.

அது குழுவைப் பற்றிய ஆய்வு. குழுவில் தாமதம் செய்பவர் ஒருவர், நேரம் காப்பவர் வேறொருவர். ஸ்ட்ரைட் வாசிப்பவரோ தானே இரண்டுமாக இருக்க வேண்டும். ஒரே மூளை, ஒரு கைக்குக் கண்டிப்பும் இன்னொரு கைக்குச் சலுகையும் கொடுக்க வேண்டும். சலுகை வாங்கின கை கண்டிப்பான கையையும் இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். அப்படிப் போனால் வேகம் தளரும், ஆட்டம் படுத்துவிடும். இல்லை, பயத்தில் இரண்டு கையும் சேர்ந்து ஓட ஆரம்பிக்கும். வாலர் 1929 மார்ச்சில் பதிவு செய்த 'ஹேண்ட்ஃபுல் ஆஃப் கீஸ்' கேளுங்கள். அசுர வேகம். ஆனால் அவசரம் எங்குமே கிடையாது. வேகமும் அவசரமும் வேறு வேறு என்று எனக்கு அந்த மனிதர்தான் புரியவைத்தார்.

வாலர் 1943 டிசம்பரில் கான்சஸ் சிட்டி அருகே ரயிலிலேயே நிமோனியாவில் இறந்தார். வயது 39. தலையில் டெர்பி தொப்பியும் வாயில் சுருட்டுமாக உட்காரும் வில்லி 'த லயன்' ஸ்மித் 1973 வரை இருந்தார். கண்பார்வை மிகக் குறைந்த ஆர்ட் டேட்டம் இந்த இடது கையை எடுத்துக்கொண்டு யாரும் பின்தொடர முடியாத இடத்துக்குப் போனார். திலோனியஸ் மங்க் தனியாக வாசிக்கும்போது பாருங்கள். நடுநடுவே ஓர் அடியை வைக்காமல் விடுவார், அந்த இடைவெளியிலும் பழைய ஸ்ட்ரைட் நடை கேட்கும். கவுன்ட் பேஸி, வாலரிடம் ஆர்கன் கற்றவர். இவர்களைப் பற்றித் தனித்தனியாகப் பேச இன்னொரு மாலை வேண்டும். செயலாளர் சார் முகத்தைப் பார்க்கிறேன், வேண்டாம்.

ஜான்சன் கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுத வேண்டும் என்று ஆசை. 'யமக்ரா' என்ற படைப்பு 1928-ல் கார்னகி ஹாலில் அரங்கேறியது. அவருக்கு வேறொரு நாடகத்தில் வேலை இருந்ததால் பியானோவில் உட்கார்ந்தது மாணவர் வாலர். பிற்காலத்தில் அவர் எழுதிய பெரிய படைப்புகளை அரங்கேற்ற முன்வந்தவர்கள் குறைவு. 1951-ல் பக்கவாதம் வந்து படுத்தவர், 1955-ல் இறந்தார். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் மாஸ்பெத் என்ற இடத்தில் அடக்கம் செய்தார்கள். கல்லறையில் பெயர் பொறித்த கல் கிடையாது. அமெரிக்காவையே ஆடவைத்தவர் 54 வருஷம் பெயரில்லாமல் அங்கே கிடந்தார்.

2009-ல் மான்ஹாட்டனில் ஒரு சின்ன ஜாஸ் கிளப்பில் பியானோக்காரர்கள் கூடினார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் ஸ்ட்ரைட் வாசித்தார்கள். வந்தவர்களிடம் பணம் வாங்கினார்கள். நிகழ்ச்சிக்கு வாடகை விருந்து என்றே பெயர் வைத்திருந்தார்கள். திரண்ட பணத்தில் ஜான்சனுக்குக் கல் வைக்க வழி பிறந்தது.

இப்போது 'கரோலினா ஷவுட்' போடச் சொல்லப் போகிறேன். 1921 அக்டோபரில் ஜான்சனே வாசித்துப் பதிவானது. பழைய இசைத்தட்டு, மூன்று நிமிஷத்துக்கும் குறைவு, கரகரப்பு இருக்கும். வலது கையை விட்டுவிடுங்கள், அது தானாகக் காதில் விழும். இடது கையை மட்டும் கவனியுங்கள். ஆரம்பத்திலேயே "தகிட தகிட தக" வரும். யாருக்காவது கால் ஆடினால் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிக்கொள்ளலாம், ஹால் வாடகை எட்டரை மணி வரைக்கும் கட்டியிருக்கிறோம்.

தம்பி, அந்த ஸ்பீக்கரைக் கொஞ்சம் கூட்டி வைப்பா.